பழைய ஃபோர் வீல் டிரக்குக்குக் கனரக ஆக்சில் மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஃபோர் வீல் டிரைவ் டிரக்கில் கம்பெனி போட்டுக் கொடுத்த அரை டன் ஆக்சில்களைக் (அரை டன், ஒரு டன் என்பது டிரக்கின் சுமை வகுப்பு) கழற்றிவிட்டு, உடைப்புக்கு வந்த ஒரு டன் வண்டியின் ஆக்சில்களை ஏற்றுவது பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்க டிரக்குகள்தான். இந்த வேலை அதிகம் நடப்பது அவற்றில்தான். அளவு எடுப்பதும் வெல்டு வைப்பதும் எந்த வண்டியானாலும் ஒன்றே. இடம், வலம் என்று சொல்லும் இடமெல்லாம் சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்த்தபடி.

என் வண்டிக்கு இது உண்மையிலேயே தேவையா?

பலருக்குத் தேவையில்லை. 33 அங்குல டயர், நிதானமான கால், மண் பாதையும் ஆற்று மணலும் என்றால் நல்ல நிலையில் உள்ள டேனா 44 (அரை டன் வண்டிகளில் வரும் ஆக்சில்) போதும். அதன் கிரௌன் வீல் (ஆக்சிலின் நடுவில் உள்ள பெரிய பல்சக்கரம்) 8.5 அங்குலம், ஒரு டன் ஆக்சிலான டேனா 60-க்கு 9.75 அங்குலம்.

டயர் 37 அங்குலத்தைத் தொட்டு, முன்னாலும் லாக்கர் (இரண்டு சக்கரத்தையும் சேர்ந்தே சுற்றவைக்கும் பூட்டு) போட்டு, லோ ரேஞ்சில் பாறை ஏறுபவர்களின் கதை வேறு. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, ஒரு சக்கரம் பாறை இடுக்கில் சிக்கியிருக்க, ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அந்த நொடியில் முன் ஷாஃப்டின் கிராஸும் (யூ ஜாயின்ட்) அதைப் பிடித்திருக்கும் காதும்தான் முதலில் போகும். நல்ல ஷாஃப்ட், நல்ல கிராஸ் போட்டும் அதே இடம் மறுபடி உடைகிறதென்றால், அப்போது ஆக்சிலை மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. அதற்கு முன்னால் குரோமோலி (வலுவான கலப்பு எஃகு) ஷாஃப்ட் மட்டும் மாற்றிப் பார்க்கலாம். செலவும் குறைவு, வண்டி மாதக்கணக்கில் ஸ்டாண்டில் நிற்கவும் வேண்டாம்.

ஃபுல் ஃப்ளோட்டிங் என்கிறார்களே, அதனால் என்ன லாபம்?

செமி ஃப்ளோட்டிங்கில் வண்டியின் எடையையும் தாங்கிக்கொண்டு சக்கரத்தையும் சுற்ற வேண்டியது ஷாஃப்ட். ஷாஃப்ட் முறிந்தால் சக்கரமே கழன்று வெளியே வரலாம். ஃபுல் ஃப்ளோட்டிங்கில் எடை முழுவதும் ஸ்பிண்டில் (குழாயின் நுனியில் அசையாமல் நிற்கும் அச்சு) மேல் உட்கார்ந்திருக்கும் ஹப்புக்கும் இரண்டு பேரிங்குக்கும் போய்விடும். ஷாஃப்டுக்குச் சுற்றுவது ஒன்றே வேலை. பின் ஷாஃப்ட் முறிந்தால் ஹப்பின் முகத்தில் உள்ள போல்ட்டுகளைக் கழற்றி, துண்டுகளை உருவிவிட்டு, முன் சக்கர இழுப்பில் வீடு வந்து சேரலாம். காட்டுக்குள் போகிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

எந்த ஆக்சிலைத் தேட வேண்டும்?

பின்பக்கத்துக்கு என் முதல் தேர்வு ஜெனரல் மோட்டார்ஸின் 10.5 அங்குல பதினான்கு போல்ட். கவரில் பதினான்கு போல்ட் இருப்பதால் அந்தப் பெயர். பினியனின் (கிரௌன் வீலைச் சுற்றும் சிறிய பல்சக்கரம்) மூக்கு நுனியையும் தாங்க மூன்றாவதாக ஒரு பேரிங் உண்டு, அதனால் பெரிய சுமையிலும் பினியன் கிரௌன் வீலைவிட்டு விலகாது. ஷாஃப்ட் ஒன்றரை அங்குலம், 30 ஸ்பிளைன் (நுனியில் வெட்டிய நீளப் பற்கள்). குறை என்றால் இரண்டு: எடை, தொங்கும் வயிறு. ஹவுசிங்கின் (ஆக்சிலின் வெளிக்கூடு) அடிப்பகுதியை வெட்டித் தட்டையாக்கித் தகடு வைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

ஒரு எச்சரிக்கை. 9.5 அங்குலத்தில் செமி ஃப்ளோட்டிங் ஆக்சில் ஒன்றுக்கும் அதே பதினான்கு போல்ட் கவர்தான். கவரை எண்ணிப் பார்த்து வாங்கிவிடாதீர்கள், சக்கரத்தின் நடுவைப் பாருங்கள். ஹப் வெளியே துருத்திக்கொண்டு, அதன் முகத்தில் போல்ட் வரிசை தெரிந்தால் அது ஃபுல் ஃப்ளோட்டிங்.

ஃபோர்டு வண்டியிலிருந்து எடுப்பதானால் ஸ்டெர்லிங் 10.25, பிந்தைய 10.5 இரண்டும் நன்றாக உழைப்பவை. டேனா 70-ம் நல்லதே.

முன்பக்கத்துக்கு டேனா 60. கிங்பின் வகைதான் (சக்கரம் திரும்பும் மூட்டு ஊசியில் சுழல்வது) பழைய கைகள் விரும்பித் தேடுவது: ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கே30 வண்டிகளில் 1977 முதல் 1991 வரை, ஃபோர்டு எஃப் 350-இல் எண்பதுகளின் நடுவிலிருந்து 1991 வரை. 1992-இல் ஃபோர்டு பால் ஜாயின்டுக்கு (குண்டு மூட்டு) மாறியது. 1999-க்குப் பிந்தைய சூப்பர் டூட்டி (ஃபோர்டின் கனரக டிரக்) ஆக்சில்களில் யூனிட் பேரிங். அதைப் பிரித்து கிரீஸ் வைக்க முடியாது, போனால் முழுதாக மாற்ற வேண்டும். ஆனாலும் கிங்பின் ஆக்சில் இப்போது அரிதாகிவிட்டது. 2005-க்குப் பிந்தைய சூப்பர் டூட்டியின் முன் ஆக்சில் எளிதில் கிடைக்கிறது, பிரேக்கும் பெரியது. காயில் ஸ்பிரிங் போடும் எண்ணம் இருந்தால் அதையே எடுக்கலாம்.

டிஃபரென்ஷியல் இடப்பக்கம், வலப்பக்கம் என்பது அவ்வளவு முக்கியமா?

முக்கியம். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (எஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) முன் ஷாஃப்ட் எந்தப் பக்கம் வெளிவருகிறதோ, முன் ஆக்சிலின் டிஃபரென்ஷியலும் அந்தப் பக்கமே இருக்க வேண்டும். கே30 டேனா 60-க்கு வலப்பக்கம். மேலே சொன்ன ஃபோர்டு ஆக்சில்களுக்கு இடப்பக்கம். ஜீப்பிலேயே பழைய சிஜே வலம், 1987-இல் வந்த ரேங்ளர் இடம்.

"அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்டால் பக்கம் மாறிவிடுமே" என்று கேட்பவர்கள் உண்டு. பக்கம் மாறும், கூடவே சுற்றும் திசையும் மாறும். பின் சக்கரம் முன்னால் தள்ள, முன் சக்கரம் பின்னால் இழுக்கும். பக்கம் பொருந்தவில்லையென்றால் டிரான்ஸ்ஃபர் கேஸை மாற்றுங்கள், இல்லையென்றால் வேறு ஆக்சில் தேடுங்கள்.

ஹை பினியன், லோ பினியன் விஷயமும் இதையொட்டியதே. ஹை பினியனில் பினியன் கிரௌன் வீலின் நடுவுக்கு மேலே சேரும், லோ பினியனில் கீழே. ஃபோர்டின் முன் ஆக்சில்கள் ஹை பினியன். பற்கள் எதிர்ச் சாய்வில் வெட்டப்பட்டவை. முன்னால் போட்டால் பல்லின் வலுவான பக்கம் சுமை தாங்கும், புரொப்பெல்லர் ஷாஃப்டும் பாறையில் இடிக்காமல் மேலே நிற்கும். கே30-இன் லோ பினியன் முன்னால் இருக்கும்போது பல்லின் மறுபக்கம்தான் வேலை செய்கிறது. 9.75 அங்குலக் கிரௌன் வீலில் அது பெரிய பயமில்லை. ஆனால் முன் ஆக்சிலுக்கென்று வெட்டிய ஹை பினியனைப் பின்னால் கொண்டுபோய் வைக்காதீர்கள். எப்போதும் சுமை ஏறும் இடத்தில் பலவீனமான பக்கம் மாட்டிக்கொள்ளும்.

காயலான் கடையில் கிடக்கும் ஆக்சிலை எப்படிச் சோதிப்பது?

இங்கே அவசரப்படுபவர்கள்தான் பிறகு இரட்டைச் செலவு செய்கிறார்கள். ஒரு டிரே, சாக்கெட் செட், டார்ச், அழுக்குத் துணி, அளவு நாடா, இரண்டு நேரான இரும்புக் கம்பி எடுத்துக்கொண்டு போங்கள்.

முதலில் கவர். அடியில் உள்ள போல்ட்டுகளைத் தளர்த்தி ஆயிலை டிரேயில் விடுங்கள். கறுப்பாக, பிசுபிசுப்பாக வந்தால் பழைய ஆயில், அவ்வளவுதான். மோர் கலந்தது மாதிரி வெளுத்து வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெள்ளத்தில் நின்ற வண்டியாகக்கூட இருக்கலாம். பேரிங் அத்தனையும் மாற்ற வேண்டிவரும் என்று விலையில் கழித்துக்கொள்ளுங்கள். ஆயிலை விரலில் தொட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மாவு போன்ற சாம்பல் நிறத் தூள் தேய்மானம், அது இருக்கத்தான் செய்யும். விரலில் உறுத்தும் செதில் இருந்தால் பல் உடைந்திருக்கிறது அல்லது பேரிங் உரிந்திருக்கிறது.

கிரௌன் வீலைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு பல்லாகச் சுற்றிப் பாருங்கள். பல்லின் நடுவில் ஒரே சீரான பளபளப்பு நல்ல அறிகுறி. ஓரத்தில் மட்டும் பளபளப்பு, குழிக்குழியாக அரிப்பு, நுனியில் சில்லு போயிருப்பது எல்லாம் கிரௌன் பினியன் செட்டை மாற்றச் சொல்கிறது. கிரௌன் வீலின் விளிம்பில் பல் எண்ணிக்கை குத்தியிருக்கும்: 41-10 என்றால் 4.10, 41-9 என்றால் 4.56. ஆக்சிலில் தொங்கும் தகட்டை நம்ப வேண்டாம், நடுவில் யாராவது கியரை மாற்றியிருக்கலாம்.

அப்புறம் குழாய் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். பின் ஆக்சிலில் இரண்டு ஹப் முகத்திலும் ஒரு நேர்க்கம்பியை வைத்து, நடுவிலிருந்து சம தூரத்தில் முன்னாலும் பின்னாலும் கம்பிக்குக் கம்பி அளவெடுங்கள். ஹப்பை அரைச் சுற்று திருப்பி மறுபடி எடுங்கள். வித்தியாசம் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்த ஹவுசிங்கை நான் தொடமாட்டேன். கிடத்தி வைத்து மேலிருந்து கீழும் இதே சோதனை. குழாய் நடு வார்ப்புக்குள் நுழையும் இடத்தில் துருக்கோடு வட்டமாகத் தெரிந்தால் குழாய் அசைந்திருக்கிறது என்று பொருள்.

முன் ஆக்சிலில் நக்கிளை (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் பாகம்) பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கிங்பின் புஷ் தேய்ந்திருந்தால் கையிலேயே தெரியும். புஷ் மாற்றுவது சின்ன வேலை. ஸ்பிண்டிலில் பேரிங் உட்காரும் இடம் நீலம் பாய்ந்திருந்தால் அது சூடேறி ஓடியது. ஸ்பிண்டிலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஹவுசிங் மட்டும் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

வேண்டாம். ஒரே வண்டியிலிருந்து முன்னும் பின்னும் ஜோடியாக, ஒரு பக்க பிரேக்கிலிருந்து மறுபக்க பிரேக் வரை முழுசாக வாங்குங்கள். கியர் விகிதம் ஒத்துப்போகும், சக்கரத் துளை ஒத்துப்போகும், ஆண்டு தெரிந்திருப்பதால் உதிரி கேட்பது சுலபம். கேலிப்பர் பிராக்கெட், லாக்கிங் ஹப், ஸ்டீயரிங் ஆர்ம், பினியன் யோக் (புரொப்பெல்லர் ஷாஃப்ட் மாட்டும் கவை), அதன் கிராஸ் பட்டைகள் என்று ஒவ்வொன்றாகத் தேடி வாங்கினால் அந்த மலிவு காணாமல் போய்விடும். முடிந்தால் அந்த வண்டியின் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் கேளுங்கள். வெட்டிச் சுருக்கிக்கொள்ள நல்ல குழாய்.

அகலம் அதிகமாகிவிடாதா?

ஆகும். சக்கரம் உட்காரும் முகத்திலிருந்து முகத்துக்கு ஒரு டன் ஆக்சில்கள் 67 முதல் 69 அங்குலம் வரை இருக்கும். சிறிய ஜீப்புகள் 60-ஐ ஒட்டியே இருக்கும். முழு அகலத்தில் விடுவதால் வண்டி சரிவில் உறுதியாக நிற்கிறது, கடையில் கிடைக்கும் ஷாஃப்டையே போடலாம். குறுகலான மரப்பாதையிலும், டயர் மட்கார்டுக்கு வெளியே தெரியக் கூடாது என்ற சட்டம் உள்ள ஊரிலும் சிரமம். உள்வாங்கிய ரிம் போட்டு ஓரளவு சமாளிக்கலாம். குழாயை வெட்டிக் குறுக்கினால் ஷாஃப்டைத் தனியாகச் செய்ய வேண்டும். காட்டில் முறிந்தால் மாற்றுக் கிடைக்காது. முழு அகலத்தையே நான் சொல்வேன்.

கியர் விகிதம் எப்படித் தேர்ந்தெடுப்பது?

பழைய விகிதத்தைப் புதிய டயர் உயரத்தால் பெருக்கி, பழைய டயர் உயரத்தால் வகுத்தால் போதும். 3.73 விகிதத்தில் 29 அங்குல டயர் ஓடிய வண்டிக்கு 37 போட்டால் 4.76 வரும். 4.56-க்கும் 4.88-க்கும் நடுவில் நிற்கிறது. பெரிய டயரும் ஆக்சிலும் கூட்டும் எடையை நினைத்து 4.88 பக்கம் போங்கள்.

டேனா 60-இலும் பதினான்கு போல்ட்டிலும் 4.10 வரைக்கும் ஒரு கேரியர் (கிரௌன் வீலைத் தாங்கும் பாகம்), 4.56-லிருந்து வேறு கேரியர். 4.10 ஆக்சிலை வாங்கி 4.88-க்கு மாற்றப் போகிறீர்கள் என்றால் கேரியரையோ தடித்த கிரௌன் வீலையோ கணக்கில் வையுங்கள். லாக்கர் போடுபவர்கள் விகிதத்தை முடிவு செய்த பிறகே லாக்கர் வாங்க வேண்டும்.

முன்னும் பின்னும் ஒரே விகிதம். 4.10-ம் 4.11-ம் சேர்ந்து ஓடும். 4.10-ம் 4.56-ம் சேராது, பிடிப்புள்ள தரையில் ஃபோர் வீலில் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகி ஏதாவது ஒன்று உடையும்.

என் பழைய ரிம் பொருந்துமா?

பொருந்தாது. அரை டன் வண்டிக்கு ஐந்து அல்லது ஆறு போல்ட், இவற்றுக்கு எட்டு. அந்த எட்டிலும் இரண்டு வகை உண்டு: பழையவை 6.5 அங்குல வட்டம், அதாவது 165.1 மில்லிமீட்டர், 1999-லிருந்து ஃபோர்டு சூப்பர் டூட்டிக்கு 170 மில்லிமீட்டர். கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும், மாட்டினால் ஏறாது. முன்னால் சூப்பர் டூட்டி, பின்னால் பதினான்கு போல்ட் என்று கலந்து வாங்கினால் ஸ்டெப்னி இரண்டு தூக்க வேண்டியதுதான். பெரிய கேலிப்பருக்கு இடம் வேண்டும் என்பதால் 16 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள ரிம் எடுங்கள்.

ஸ்பிரிங் சீட்டை எப்போது, எப்படி வெல்டு வைப்பது?

கடைசியில். இந்த வேலையின் உயிரே இந்த இடம்தான், ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

பழைய ஸ்பிரிங் சீட்டுகளை கிரைண்டரால் எடுத்துவிட்டு, புதிய சீட்டுகளைக் குழாயின் மேல் வெல்டு வைக்காமல் சும்மா உட்கார வையுங்கள். ஆக்சிலை ஸ்பிரிங்குக்கு அடியில் கொண்டுவந்து யூ போல்ட்டைக் கைப்பிடியாக மட்டும் இறுக்குங்கள். எஞ்சின், கியர் பாக்ஸ், பம்பர், டீசல் அல்லது பெட்ரோல், ஸ்டெப்னி என்று வண்டி ஓடும்போது என்னென்ன எடை இருக்குமோ அத்தனையும் ஏற்றி, சமதளத்தில் டயரின் மேல் நிற்க வையுங்கள். ஜாக்கியில் தொங்கும் வண்டியில் எடுத்த கோணம் தரையில் இறங்கியதும் மாறிவிடும்.

இப்போது ஆக்சில் நடுவில் இருக்கிறதா என்று சேஸிஸிலிருந்து இரண்டு பக்கமும் அளவெடுங்கள். சேஸிஸில் முன்னால் ஒரு புள்ளியிலிருந்து குறுக்காக எதிர்ப்பக்க ஆக்சில் நுனி வரை இரண்டு மூலைவிட்டமும் சமமாக வர வேண்டும். இல்லையென்றால் வண்டி நண்டு மாதிரி சாய்ந்தே ஓடும்.

அடுத்தது பினியன் கோணம். பின் புரொப்பெல்லர் ஷாஃப்டில் முனைக்கு ஒரு கிராஸ் மட்டும் இருந்தால், டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளி ஷாஃப்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். மேல்முனையில் இரட்டை கிராஸ் இருந்தால் பினியன் நேராக ஷாஃப்டை நோக்க வேண்டும். பட்டை ஸ்பிரிங் வண்டியில் அதிலிருந்து ஒன்றிரண்டு டிகிரி கீழே வையுங்கள், சுமையில் ஸ்பிரிங் முறுக்கும்போது பினியன் தானாக மேலே வந்து நேராகும். கோணமானியை யோக்கின் இயந்திரம் அறுத்த முகத்தில் வையுங்கள். வார்ப்பின் கரடான மேற்பரப்பில் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி பொய் சொல்லும்.

எல்லாம் சரியா? சீட்டுக்கு நாலு புள்ளி டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) வைத்து, வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் தள்ளி, மறுபடி அளவெடுங்கள். மாறவில்லையென்றால் ஆக்சிலை வெளியே எடுத்து, ஷாஃப்டுகளை உருவிவிட்டு முழு வெல்டு. ஓர் அங்குலம் வைத்ததும் எதிர்ப்பக்கம் போங்கள், கை வைக்கும் அளவுக்கு ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் அரை அங்குலத் தடிமன் குழாயும் வளையும். எர்த் கிளாம்பை வெல்டு வைக்கும் குழாயிலேயே, பக்கத்திலேயே மாட்டுங்கள். கரண்ட் பேரிங் வழியாகப் போனால் ரோலரில் புள்ளி விழும். வெல்டு உங்களுக்குக் கைவராத வேலையென்றால் டேக் வரைக்கும் நீங்கள் செய்து, மீதியைத் தேர்ந்த கையிடம் கொடுங்கள். யூ போல்ட் எப்போதும் புதிது. ஒருமுறை இழுபட்ட யூ போல்ட்டை மறுபடி நம்பக் கூடாது.

முன் ஆக்சிலில் பினியனை உயர்த்தினால் ஸ்டீயரிங் அலைகிறதே, ஏன்?

பினியனும் நக்கிளும் ஒரே ஹவுசிங்கில் இருப்பதால். பினியன் மூக்கைத் தூக்கினால் கிங்பின்னின் தலை முன்னால் சாய்ந்து கேஸ்டர் (கிங்பின்னின் தலை பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) குறைகிறது. கேஸ்டர் குறைந்தால் திருப்பிவிட்ட ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது, வேகத்தில் வண்டி அலையும். நாலிலிருந்து ஏழு டிகிரி வரை கேஸ்டர் இருக்கட்டும். அதிகம் உயர்த்திய வண்டியில் இரண்டும் சேர்ந்து கிடைக்காது. குழாயின் நுனியில் நக்கிளைத் தாங்கும் சி வடிவ வார்ப்பின் வெல்டை அறுத்து, திருப்பி, மறுபடி வெல்டு வைப்பதுதான் ஒழுங்கான வழி. அதற்கு மனமில்லையென்றால் கேஸ்டரை விட்டுக்கொடுக்காதீர்கள். முன் ஷாஃப்ட் ஃபோர் வீலில் மெதுவாகத்தான் சுற்றப் போகிறது, கொஞ்சம் அதிர்வைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சில டேனா 60-களில் டிஃபரென்ஷியல் பக்கத்து ஸ்பிரிங் சீட் ஹவுசிங்கோடு சேர்ந்தே வார்த்து வந்திருக்கும். உங்கள் சேஸிஸின் ஸ்பிரிங் இடைவெளிக்கு அது ஒத்துவருமா என்பதை வாங்கும் முன்பே அளந்து பாருங்கள்.

பிரேக்கில் என்னென்ன மாற வேண்டும்?

ஒரு டன் கேலிப்பரின் பிஸ்டன் பெரிது, அதை நிரப்ப அதிக ஆயில் வேண்டும். பழைய சிறிய மாஸ்டர் சிலிண்டரையே வைத்தால் பெடல் தரை வரை இறங்கும். ஆக்சில் வந்த வண்டியின் மாஸ்டர் சிலிண்டரையே பொருத்துவது நல்லது. தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டாலும் பெடல் கல்லாக இருக்கும்.

பின் டிரம்மை டிஸ்க்காக மாற்றுபவர்கள் மறப்பது இரண்டு. டிரம் லைனில் இருக்கும் அழுத்தம் தக்கவைக்கும் வால்வை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பேட் உரசிக்கொண்டே இருக்கும். இரண்டாவது ஹேண்ட் பிரேக். சாதாரண கேலிப்பரில் அது இல்லை. எழுபதுகளின் கடிலாக் எல்டொராடோ பின் கேலிப்பரைப் பலர் போடுவது அதற்காகத்தான். மலைச்சரிவில் நிறுத்தும் வண்டிக்கு ஹேண்ட் பிரேக் இல்லாமல் இருக்கவே கூடாது.

ஆக்சில் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடக் கூடாது. பிரீதர் குழாயையும் (ஆக்சிலின் காற்றுப் போக்கி) எஞ்சின் அறை உயரம் வரை நீட்டிவிடுங்கள். சூடான ஆக்சில் ஆற்று நீரில் இறங்கினால் உள்காற்று சுருங்கி சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும்.

ராக்வெல் ராணுவ ஆக்சில் மலிவாக இருக்கிறதே?

இரண்டரை டன் ராணுவ லாரியின் ஆக்சில் அது. விகிதம் 6.72. 44 அங்குலத்துக்குக் குறைந்த டயருக்கு அந்த எடையும் உயரமும் வீண். ரோட்டிலும் ஓடும் வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாட்டி முடித்தாயிற்று, உடனே ஓட்டலாமா?

முதலில் வண்டியைத் தூக்கி, ஸ்டீயரிங்கை இரு முனைக்கும் திருப்பி, டை ராடு எதிலும் இடிக்கிறதா பாருங்கள். ஆக்சிலை முழுதாகத் தொங்கவிட்டும் முழுதாக மேலே ஏற்றியும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஸ்பிளைன் கழலாமல், முட்டாமல் இருக்க வேண்டும்.

புதிய கிரௌன் பினியன் போட்டிருந்தால் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓட்டி, முழுதாக ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். இப்படிச் சில சுற்று. முதல் 800 கிலோமீட்டருக்குப் பாரம் இழுக்க வேண்டாம். அதற்குப் பிறகு ஆயிலை மாற்றிவிடுங்கள். தேய்ந்த தூள் அத்தோடு வெளியே போய்விடும். முதல் நாள் ஓட்டம் முடிந்ததும் யூ போல்ட், சக்கர நட், ஸ்டீயரிங் ஆர்ம் நட் மூன்றையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்குங்கள். யூ போல்ட் முதல் இறுக்கில் நின்று நான் பார்த்ததில்லை. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறையும் பார்த்துவிடுங்கள்.